நாளொன்றுக்கு ஒரு லிட்டர்

ஜூன் 3, சனி

டாக்டர் பர்வீன் இந்த நோட்டைக் கொடுத்து தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்ததும், காப்பிக்கு முன்னால், எடை. பிறகு குடித்த தண்ணீர், கால் வீக்கம், மூச்சு. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வர வேண்டுமாம். ஆஸ்பத்திரி ரிக்கார்டு பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவளுக்கு அந்த டாக்டர் பெண் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் காட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

எடை 61.2. தண்ணீர் ஒரு லிட்டர். கணுக்காலை அமுக்கினால் குழி விழுகிறது. மூன்று தலையணை வைத்தால் படுக்க முடிகிறது.

டாக்டருக்குக் காட்டத் தனித்தாளில் எழுதிக்கொள்ளலாம். நோட்டு எனக்கே இருக்கட்டும். பேச ஆள் இல்லாத வீட்டில் இது ஒன்றாவது இருக்கும்.

ஆள் இருக்கிறாள். உலகம்மாள், என் தம்பி கைலாசத்தின் பெண்டாட்டி. தம்பி செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தைந்து. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. எனக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் கூடவே இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி, தங்கச்சி நல்லாப் பாக்காளே என்றாள். தங்கச்சி இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 4, ஞாயிறு

61.3.

குற்றாலிங்கம் பேசினான். தம்பி மகன், வீட்டில் கூப்பிடுவது குற்றாலம். ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் எனக்குப் போன் வந்துவிடும். எனக்குத்தான் வரும். பெற்றவளை அவன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூப்பிட்டால் உண்டு. ஒன்றேகால் வயதிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்தது நான். சோறு ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, டைபாய்டு காய்ச்சலில் இருபது நாள் மடியில் போட்டுக்கொண்டிருந்தது எல்லாம் நான். அந்தக் காலத்தில் உலகம்மாளுக்குப் புத்தி நிதானத்தில் இல்லை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பாள். பிள்ளையை அவள் கையில் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதனால் கை சும்மா இருந்தது.

இருபது நிமிஷம் பேசினோம். உலகம்மாள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவி முடித்த காம்புகளை எடுத்து மறுபடி உருவினாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

61.5.

தண்ணீர் விஷயத்தை எழுதியாக வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி என் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைக்கிறாள். அன்றைய பொழுதுக்கு அவ்வளவுதான். காப்பி கொடுத்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்து, என் கண் முன்னால் துளசித் தொட்டியில் ஊற்றுகிறாள். ரசம் சாப்பிட்டால் அதற்கும். மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீரும் கணக்கு. பதினொரு மணிக்குள் பாதி போய்விடுகிறது.

வெளியே சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஜனங்கள் தெருவில் போகிறார்கள். கூரைத் தகரத்திலிருந்து நாள் முழுக்கச் சொட்டுகிறது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நாலு மணிக்குப் பாட்டில் காலி. அரை டம்ளர் கேட்டேன்.

“இனி நாளைக்குத்தான் மதினி” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். இது அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத் தெரியும்.

உப்பில்லாத தேங்காய்ப்பால் சொதி. வாயில் வைக்க விளங்கவில்லை.

ஜூன் 9, வெள்ளி

61.9. எடை மெஷின் சரியில்லை.

ஜூன் 11, ஞாயிறு

62.4.

குற்றாலத்திடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டில் உப்பு கிடையாது, குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் தருகிறாள், கேட்டால் நாளைக்கு என்கிறாள் என்று.   அவன், நான் பாத்துக்கிடுதேன் அத்த, நீங்க கவலப்படாதீய என்றான்.

டாக்டர் சொன்ன அளவு அது என்பதை நான் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

ஜூன் 15, வியாழன்

62.7. வலது காலில் செருப்பு ஏறவில்லை.

இந்தத் தேதியில் உலகம்மாள் சாப்பிட மாட்டாள். நாற்பது வருஷமாக இப்படித்தான். எனக்கு மட்டும் சமைத்து வைத்துவிட்டுப் பின்கட்டுக் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். விளக்கு ஏற்ற மாட்டாள், படையல் போட மாட்டாள். யாராவது கேட்டால் வயிறு சரியில்லை என்பாள்.

குற்றாலத்துக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை. செண்பகம். மூன்று வயதாக ஒன்றரை மாதம் இருந்தபோது வயிற்றோட்டத்தில் போய்விட்டது. தெருவில் வந்த வண்டிக்காரனிடம் நுங்கு வாங்கிக் கொடுத்தாள், ஈ மொய்த்ததைப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். குற்றாலமும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். அவனிடம் யார் சொன்னது என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை.

நீர் மாத்திரை காலையில் ஒன்று, மத்தியானம் அரை. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. இரண்டு வேளையும் போட்டாயிற்று.

ஜூன் 17, சனி

63.3.

நார்த்தங்காய் ஊறுகாய், போன வருஷம் நானே போட்டது, பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. ஒரு சுளை நாக்கில் வைத்தால்தான் கஞ்சி இறங்குகிறது. அதற்குப் பிறகு தாகம். பாத்ரூம் குழாயைத் திறந்தால் சத்தம் கேட்கும். வாளியில் இருப்பதைக் கையால் அள்ளினால் கேட்காது. எழுபத்திரண்டு வயதில் சொந்த வீட்டில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறேன். இப்படி வைத்திருக்கிறாள் என்னை.

தனித்தாளில் 61.6 என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவளுக்கு மூச்சு வரவில்லை. கூப்பிடக் குரலும் எழும்பவில்லை. கை பட்டு ஸ்டூல் சரிந்த சத்தத்தில் உலகம்மாள் வந்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். இருமினால் நுரை வந்தது. ஆட்டோவில் நான் விழாமல் இருக்க என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கை அவ்வளவு பலமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

டாக்டர் ஊசி போட்டார். எடை 64.1. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன் என்றேன். உலகம்மாள் என்னைப் பார்த்தாள், மறுத்துப் பேசவில்லை. டாக்டர் அவளைத்தான் சத்தம் போட்டார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்க முடியாது, வீட்டில் இருப்பவர்கள் உப்பில் கவனமாக இருக்க வேண்டாமா என்றார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இன்று வீட்டுக்கு வந்ததும் நேராகப் பீரோவைத் திறந்தாள். ஊறுகாய் ஜாடியை எடுத்துப் போய்ப் பின்கட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

இவ்வளவு அக்கறை எதற்கு, நான் செத்தால் உனக்கு நிம்மதிதானே என்று கேட்டேன்.

“அக்கறையில பாக்கேன்னு நெனச்சிராதீய மதினி. எனக்கு உங்க மேல ஒரு பாசமும் கெடையாது.”

பின்னே எதற்கு என்றேன்.

“நீங்க ஒண்ணு சொல்லணும். எங்கிட்ட வேண்டாம், எம் புள்ளகிட்ட. எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் நம்பாமலே போய்ட்டாரு. நீங்களும் சொல்லாமப் போய்ட்டா அப்புறம் எனக்கு யாரு சொல்லுவா? அதச் சொல்லுத வரைக்கும் உங்கள நான் சாக விடமாட்டேன்.”

குரலை உயர்த்தவே இல்லை. காப்பி வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு போய் அரிசி களைந்தாள்.

ஜூன் 21, புதன்

61.8. 

ஜூன் 23, வெள்ளி

61.4.

எழுதிவிடலாம். எழுதுவதால் ஒன்றும் ஆகிவிடாது.

1983 ஜூன் 15, புதன்கிழமை. கைலாசம் அப்போது செங்கோட்டையில் மர டிப்போவில் வேலை பார்த்தான். லோடு பார்க்கப் புனலூர் போயிருந்தான். எனக்கு லீவு. விடியும்போதே செண்பகம் வாந்தி எடுத்தது, பிறகு வயிற்றால் போனது. ஒன்பது மணிக்குள் ஏழெட்டுத் தடவை. உலகம்மாளுக்கு இருபத்தைந்து வயது. இடுப்பில் ஒன்று, மடியில் ஒன்று. என்ன செய்ய மதினி என்று என்னிடம்தான் கேட்டாள்.

எல்லோருமே என்னிடம்தான் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் என்று தெருவில் எனக்கு ஒரு மதிப்பு. மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள், நானும் படித்துச் சொல்வேன். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் சீட்டு எழுதுகிறவள்தான். அதை அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும், வயிறு காயட்டும் என்றேன். எங்கள் அம்மா எங்களுக்கு அப்படித்தான் செய்தாள். அந்தக் காலத்தில் பாதி ஊர் அப்படித்தான் செய்தது. இதை நான் சமாதானத்துக்காக எழுதவில்லை, உண்மை அது.

பத்து மணிக்கு, பிள்ளை தண்ணீர் கேட்கிறாள், கொடுக்கட்டுமா என்று உலகம்மாள் கேட்டாள். வேண்டாம் என்றேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டாள். உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா என்றேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. அழுதுகொண்டே துணி அலசிவிட்டு வந்து பிள்ளையை மடியில் போட்டாள். பிள்ளை அவளுடைய ஈரச் சேலைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. நான்தான் அதைப் பிடுங்கினேன். விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

நாலு மணிக்குப் பிள்ளைக்குக் கண் சொருகியது. குதிரை வண்டியில் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. தண்ணீர் கொடுத்தீர்களா என்றார். கொடுத்தோம் என்றேன். கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் போதுமே ஆவுடையம்மா, உங்களுக்கே தெரியாதா என்றார். உலகம்மாள் வெளியே நின்றதால் அவள் காதில் இது விழவில்லை. ஐந்தே முக்காலுக்கு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அந்தக் கேஸ் தாளை மற்றதோடு சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்ததும் நான்தான்.

அன்று சாயங்காலம் வீடு நிறையப் பெண்கள். எப்படியாச்சு என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நேற்று நுங்கு வாங்கிக் கொடுத்தாள் என்றேன். அது பொய் இல்லை. முந்தின நாள் வாங்கினாள். நானும் அதில் இரண்டு தின்றேன்.

உலகம்மாள் மறுத்துப் பேசவில்லை. கேட்கக் கேட்கக் கொடுக்காமல் இருந்தது அவள் கைதானே. இரண்டு வருஷம் கழித்துப் பால்வாடிக்கு ஒரு நர்ஸ் வந்து, வயிற்றோட்டத்துக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். உலகம்மாள் அங்கிருந்து ஓடி வந்து தம்பியிடம் சொன்னாள். அக்காவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவன் கை ஓங்கினான். நான் பக்கத்து அறையில் குற்றாலத்துக்கு அ, ஆ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான். எழுதியாயிற்று.

ஜூன் 25, ஞாயிறு

61.0. வீக்கம் வடிந்திருக்கிறது.

குற்றாலம் அடுத்த சனிக்கிழமை காரோடு வருகிறான். என்னை ஓசூருக்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளப் போகிறானாம். கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறார்களாம். அந்த வீட்டுல இனி ஒரு நாள்கூட இருக்க வேண்டாம் அத்த என்றான்.

சந்தோஷமாக இருக்கிறது. இருக்கத்தானே வேண்டும்.

ஜூன் 29, வியாழன்

60.9.

என் சேலைகளை உலகம்மாள் மடித்துப் பையில் வைத்தாள். ஒரு அட்டையில் மாத்திரை நேரம், தண்ணீர் அளவு, உப்பு போடாமல் எதை எதை எப்படிச் செய்வது என்று எழுதியிருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளின் கோணல் எழுத்து. மருமகளிடம் கொடுக்கச் சொன்னாள். மருமகளிடம் அவள் நேரில் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

சொல்லச் சொல்லி மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும்.

ஜூலை 2, ஞாயிறு

60.9. இன்றே எழுத வேண்டும்.

நேற்று மத்தியானம் வந்துவிட்டான். முன்னந்தலை நரைத்திருக்கிறது. தம்பி நடை அப்படியே. பெற்றவளிடம், வந்துட்டேன் என்று ஒரு வார்த்தை. என் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். உலகம்மாள் அவனுக்குப் பிடிக்கும் என்று உளுந்தங்களி கிண்டியிருந்தாள். வயிறு நிறைந்திருக்கிறது என்று தொடவில்லை.

இன்று காலை என் பைகளைக் காரில் ஏற்றிவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தான். எனக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. ஸ்டூலில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தான். அதில் இன்றைய ஒரு லிட்டர் அப்படியே இருந்தது. இதுதானா ஒரு நாளைக்கு என்று என்னிடம் கேட்டான். தலையாட்டினேன். சட்னி ஊற்ற வந்தவளிடம் திரும்பினான்.

“வயசான மனுசிக்குத் தண்ணி குடுக்கக்கூட ஒனக்கு மனசு வரல. அக்காவையும் நீ இப்படித்தான் பாத்துருப்ப.”

உலகம்மாள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. இப்போதும் பேசாமல் இருக்கப் போகிறாயா என்று பார்ப்பது போலிருந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். கார் வாசலில் நின்றது. இன்னும் கால் மணி நேரத்தில் அதில் ஏறி உட்கார்ந்திருப்பேன். இவள் முகத்தை இனிப் பார்க்கவே வேண்டியிருக்காது. இதையெல்லாம் நான் நினைத்தேன், நினைக்கவில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அவன் அக்கா என்று சொன்னது காதிலேயே நின்றது. அந்தப் பிள்ளை முகம்கூட அவனுக்குத் தெரியாது. பெற்றவள் மேல் எறிய ஒரு கல்லாகத்தான் அது அவனுக்குப் பயன்பட்டிருக்கிறது. எடுத்துக் கையில் கொடுத்தவள் நான்.

“ஏ குத்தாலம், ஒங்கம்மா தண்ணி குடுக்கணும்னுதான் சொன்னா. குடுக்காதன்னது நான்” என்றேன்.

அவன் இப்போது நடப்பதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். நீங்களே எதுக்கு அத்த வேண்டாம்னீய என்றான். எனக்கு அளவு வைத்தது டாக்டர், உன்னிடம் அதை மறைத்தேன், இது வேறே, செண்பகத்தைச் சொல்கிறேன் என்றேன்.

 அவன் மெதுவாகக் கேட்டான். “அம்மா சொல்லச் சொன்னாளா?”

“சொல்லச் சொன்னாதான். அதனால அது பொய்யாயிருமா?”

அவன் நம்பவில்லை. மாத்திரையில் எனக்கு மனசு குழம்பியிருக்கிறது, இங்கே தனியாக விட்டதுதான் தப்பு என்றான். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். பிறகுதான் அந்த ஈரச் சேலைத் தலைப்பைச் சொன்னேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்ததைச் சொன்னேன். டாக்டரிடம் சொன்ன பொய்யை, நுங்கை, நான் தின்ற இரண்டை. சொல்லச் சொல்ல அவன் கை என் தோளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எந்த இடத்தில் எடுத்தான் என்று தெரியவில்லை. முடிக்கும்போது அவன் சுவரோரம் நின்றான்.

உலகம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஈரத் தலைப்பைப் பிடுங்கியது மட்டும் அவள் மறந்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அவன் கைகழுவினான். வெளியே போய்க் காரிலிருந்து என் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து கட்டில் பக்கத்தில் வைத்தான். எறியவில்லை, வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.  பெற்றவள் முன்னால் போய் நின்றான், வாய் திறந்தான், அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கார் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது.

போய்விட்டானா என்று கேட்டேன். போய்ட்டான் என்றாள். அவன் தட்டில் மிச்சமிருந்த இரண்டு இட்லியைக் காக்கைக்குப் போட்டாள்.

ஜூலை 3, திங்கள்

60.8.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி என்னை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? பாட்டில் வராது என்று விழித்துப் படுத்திருந்தேன். ஆறு மணிக்கு வந்தது. இன்னும் எதுக்குளா இதெல்லாம் என்று கேட்டேன்.

டாக்டர் சொல்லியிருக்காங்கல்லா என்றாள்.

நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவாள், அழுவாள், தலையில் மண்ணை வாரிப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. சொதியில் உப்பும் இல்லை.

ஜூலை 5, புதன்

60.8.

சாயங்காலம் உலகம்மாளின் போன் அடித்தது. அது அடிக்கிற சத்தமே எனக்கு மறந்திருந்தது. மாவு அரைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ம் என்றாள். சாப்பிட்டேன் என்றாள். இல்லை என்றாள். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். போனைக் காதோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழாதல மக்கா என்றாள்.

என் போன் கட்டிலில் கிடந்தது. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

ஜூலை 9, ஞாயிறு

60.6. வீக்கம் இல்லை. இரண்டு தலையணை போதுமாக இருக்கிறது. டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

பத்து மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தரை. பதினொன்று. பதினொன்றேகாலுக்கு அவள் போன்தான் அடித்தது. ஆவணியில் வரச் சொல்லிக் கேட்கிறான் போலிருக்கிறது. மதினிக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டுத்தான் வர முடியும் என்று சொன்னாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, பேச்சு உடனே வேறு எதற்கோ மாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி அவன் என்னைக் கூப்பிட மாட்டான். நாற்பது வருஷம் அவன் எனக்குப் பிள்ளையாக இருந்தது அந்த நுங்குக் கதையின் மேல்தான்.

மத்தியானம் சோறு கொண்டுவந்தவள் திரும்பிப் போகாமல் வாசல்படிப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். என் அறையில் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. சாப்பிடட்டும் என்று காத்திருப்பது போலிருந்தது. என்ன என்றேன்.

“செண்பகத்துக்குச் சிரிச்சாக் கன்னத்துல குழி விழும்லா மதினி. அது எந்தப் பக்கம்?”

எனக்குக் கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. அந்தப் பேரை அவள் வாயால் சொல்லிக் கேட்டு நாற்பது வருஷம் ஆகிறது. யாரிடம் சொல்லியிருப்பாள்? பேரை எடுத்தாலே நுங்கு வந்துவிடுமே. போட்டோவும் கிடையாது. அந்த வருஷம் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகும்போது எடுக்கலாம் என்றிருந்தோம். இப்போது அந்த முகத்தைப் பார்த்தவர்கள் என்று உயிரோடு இருப்பது அவளும் நானும்தான்.

குத்தாலம் கேட்டானாம், அக்கா எப்படி இருப்பாள் என்று. நினைத்து நினைத்துப் பார்த்தால் முகம் கலங்குகிறது, கண்ணு தெரிகிறது, முடி தெரிகிறது, கன்னக்குழி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, இடதுதான் என்று நினைக்கிறேன் என்றாள்.

இடது இல்லை, வலது என்றேன்.

எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் நான், இடதுதான் என்றாள். நினைவில்லை என்று கேட்டவளுக்கு அதற்குள் நினைவு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவளை இடது இடுப்பில் வைத்துத்தான் தெப்பக்குளம் வரைக்கும் தூக்கிப்போவேன், என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது அவள் வலது கன்னம், கோயில் யானையைக் காட்டினால் அது சிரிக்கும்போது குழி விழும், அதில் நான் விரலை வைப்பேன், எனக்குத் தெரியாதா என்றேன். மூச்சு வாங்கியது.

“யானையக் காட்டுனியளா? எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே” என்றாள்.

பிறகும் அவள் விடவில்லை. பிறந்த பதினாறாம் நாள் மாமியார் மை வைத்ததுகூட இடது பக்கம்தான், குழி விழுகிற கன்னம் என்றுதான் வைத்தாள் என்றாள். அம்மா வைத்தது நெற்றியில் என்றேன். கன்னத்தில் என்றாள். தட்டில் சோறு ஆறிப்போனது. உங்களுக்கு எதையும் ஒத்துக்கொள்கிற பழக்கமே கிடையாது என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப் போய்ச் சோற்றைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். வைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து, அந்த யானையைக் கண்டு பிள்ளை பயப்படாதா என்று கேட்டாள்.

பயப்படாது என்றேன். அதையும் அவள் நம்பவில்லை.

நாலு மணி வரைக்கும் இப்படியே போயிற்று. எழுந்து போகும்போது, நாளைக்கு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றாள்.

யோசிக்க ஒன்றும் இல்லை. வலது கன்னம்தான்.